அத்தையின் பெயருக்குக் கீழே ஒரு கோடு

இக்குறிப்பை எழுதத் தூண்டியது ஒரு படம். கடல் கடந்த நாட்டில் பணிபுரியும் அண்ணனின் பேத்தி, கணினியின் துணைகொண்டு எங்கள் குடிவழியை வரைந்து சென்ற மாதம் எனக்கு அனுப்பினாள். பிழை இருப்பின் திருத்தித் தருமாறு கேட்டிருந்தாள். இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி நடந்தே தேயிலை மலையேறிய பூட்டனிலிருந்து நேற்றுப் பிறந்த குழந்தை வரை ஆறு தலைமுறையினர் அதில் இருந்தனர். பணிக்காலம் முழுவதும் மாணவரின் தமிழ்க் கட்டுரைகளில் சிவப்பு மையைச் செலவிட்ட எனக்கு, அந்தப் படத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட அகப்படவில்லை.

அகப்பட்டது வேறு வகைப் பிழை. பெரியப்பாவின் பெயருக்குக் கீழே, ‘ஒரே மகள், தாவரவியல் அறிஞர், மணமாகாதவர்’ என்று இருந்தது. அதே வரிசையில் அத்தையின் பெயருக்குக் கீழே, ‘பிள்ளைகள் இல்லை’ என்று இருந்தது.

ஆவணங்களோடு ஒப்பிட்டால் இரண்டும் சரியே. ஆவணங்களில் அவ்வாறு அமையும்படி செய்தவர்கள் எங்கள் வீட்டார். செய்த முறையையும், அந்தச் செயலுக்குள் நின்றுகொண்டே ஒரு பதினாறு வயதுப் பெண் தனக்கென்று செய்துகொண்டதையும் அறிந்தோருள் இன்று எஞ்சியிருப்போர் இருவர்தாம்: அவளும் நானும். அவளுக்கு எழுபத்தைந்து வயது, எனக்கு அறுபத்தெட்டு. ஆகவே, கொட்டகலைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்து, இன்று கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இதைப் படிக்கப்போகும் என் வயதினரே, எழுதிவிடுகிறேன்.

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. உடப்புசல்லாவைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கணவன் வேறொருத்தியோடு சென்றுவிட, கைக்குழந்தையோடு அண்ணன்மார் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பி வந்து கொழுந்து பறித்தாள். அவளைப் பற்றி என் நினைவில் எஞ்சியிருப்பது ஒரு மணம் மட்டுமே: மழைக்குப் போர்த்திச் சென்ற கம்பளியை அடுப்பருகே உலர்த்தும்போது எழும் ஈர மணம். எனக்கு நான்கு வயதாயிருந்தபோது காய்ச்சலில் இறந்தாள். இறக்குமுன் அம்மாவின் கையைப் பற்றி, மகளை உன் மருமகளாக்கிக்கொள் என்று கேட்டாளாம். அத்தை மகள் அண்ணனுக்கு முறைப்பெண். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் அதில் தயக்கமில்லை. அம்மா வாக்களித்தாள். அன்று முதல் அப்பெண் லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் வளர்ந்தாள்.

முறை வழுவாமல் சொல்வதானால் அவள் எனக்கு மதினி. பெரியப்பாவும் அப்பாவும் அவளுக்கு மாமன்மார். என் அம்மா அவளுக்கு அத்தை. ஆயினும் இங்கே நான் அவளை அக்கா என்றே குறிக்கிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக என் நா அவளை வேறு சொல்லால் அழைத்ததில்லை. அந்தச் சொல் எப்படி வந்தது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

எனக்கு ஒன்பது வயது நடந்த மார்கழி அது. நம்மவருள் எவர் இந்நாட்டவர், எவர் இந்தியர் என்று இரு நாடுகளும் தாள்களில் பிரித்துக்கொண்டிருந்த காலம். அப்பா இந்நாட்டுக் குடியுரிமைக்கு எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். அதில் மனைவி மக்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. பெரியப்பா இந்தியாவுக்கு எழுத முடிவு செய்தார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளையில்லை. அப்போதுதான் ஒருவருக்கு உறைத்தது: அக்காவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தாய் இல்லை, தந்தை இருக்குமிடம் தெரியவில்லை. இரு நாடுகளும் பிரித்து முடித்த பின், அவள் எந்தக் குவியலிலும் சேராமல் நடுவில் கிடப்பாள்.

பெரியப்பா ஒரு வழி சொன்னார். தம் விண்ணப்பத்தில் அவளை மகளென்று எழுதிவிடுவது. அம்மா கொதித்தெழுந்தாள். மகளென்று எழுதினால் அண்ணனுக்கு அவள் தங்கையாகிவிடுவாளே, இறந்தவளுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று கேட்டாள். பெரியப்பா அமைதியாக, தாளில்தானே என்றார். பல நாள் வழக்குக்குப் பின் ஓர் உடன்பாடு பிறந்தது. விசாரிக்க வரும் அலுவலர் முன் மட்டும் அவள் மகள். அவர் ஊர்தி ஏறிச் சென்றதும் பழையபடி மருமகள். தையில் அலுவலர் வருவார், சித்திரையில் திருமணம். அம்மா இன்னொரு நிபந்தனையும் விதித்தாள். அலுவலர் வரும் நாளில் அண்ணன் வீட்டில் இருக்கலாகாது. முறைப்பெண் தன் முறை மாப்பிள்ளையை நாலு பேர் அறிய ஒருமுறை அண்ணன் என்று அழைத்துவிட்டால், அதன் பிறகு எந்தப் பெரியவரும் அந்தத் தாலிக்கு மஞ்சள் எடுத்துக் கொடுக்க மாட்டார் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

இத்தனை பேச்சிலும் அக்காவின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அவள் கொட்டகலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சித்திரையோடு அந்தப் படிப்பு நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது ஒரு செய்தியாகவே எவருக்கும் தோன்றவில்லை.

அவ்வாண்டு மேல்மலையில் கவ்வாத்து நடந்தது. தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிய பின், அவற்றின் கிளைகளில் ஆண்டுக்கணக்காகப் படிந்த பாசியைத் தேங்காய் மட்டைத் துண்டால் தேய்த்து நீக்குவர். பள்ளி விடுமுறையில் வளர்ந்த பிள்ளைகளையும் அந்த வேலைக்குப் பதிந்துகொள்வது வழக்கம். அக்கா பதிந்தாள். தோட்டத்தில் ஆளுக்கோர் எண் உண்டு. காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் பெயரைவிட எண்ணே உரக்க ஒலிக்கும். அவளுக்குக் கிடைத்தது நூற்றெண்பத்தேழு. அது அத்தையின் எண். இறந்தவளுடையது என்று பெண்கள் வாங்கத் தயங்கியதால் ஐந்தாண்டாக ஒழிந்து கிடந்தது. முதல் நாள் கணக்கப்பிள்ளை, “நூத்தி எம்பத்தேழு” என்று அழைத்தபோது பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தனராம். அக்கா, “வந்துட்டேங்க” என்று சொல்லி முன்னே நின்றாளாம்.

சோறு கொண்டுசெல்லும் சாக்கில் நான் மலைக்குப் போவேன். வெட்டுண்ட செடிகளின் பச்சை வாடையும், குளிரில் வெடித்த கைகளுக்குப் பூசிய தேங்காயெண்ணெய் மணமும் கலந்து வரும். மற்றவர் தேய்த்த பாசியை உதறிவிட்டு நகர்வர். அக்கா ஒவ்வொரு செடியிலும் ஒரு சிட்டிகை எடுத்து இடுப்புச் சீலையில் முடிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்து அதை வெற்றுத் தீப்பெட்டிகளில் இட்டு, மேலே பென்சிலால் எழுதுவாள்: எந்த மலை, செடியின் எந்தப் பக்கம், மரமா கல்லா, வெயில் படுமா படாதா. தண்ணீர் விழும் பீலிக்கரைப் பாறையில் கிடைத்தவற்றுக்குத் தனி வரிசை வைத்திருந்தாள். பிசுக்கோத்து அடைத்து வந்த பெரிய தகரப் பெட்டி ஒன்றில் அத்தீப்பெட்டிகளை அடுக்கினாள்.

அவளிடம் உருப்பெருக்கி ஒன்று இருந்தது. கொண்டை ஊசியின் முனையைச் சிறு வளையமாக வளைத்து, தண்ணீரில் தோய்த்து எடுப்பாள். வளையத்தில் ஒரு துளி நிற்கும். அந்தத் துளியின் வழியே பார்க்க வேண்டும். கை நடுங்கினால் கருவி கீழே விழுந்துவிடும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபோது, நகக்கண் அளவுப் பச்சைக்குள் ஒரு காடே நின்றது. இலைகளுக்கு நடுவே மெல்லிய தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குமிழ், குமிழின் மேல் ஒரு கூம்பு.

“தொப்பி போட்ட கங்காணி தெரியுறாரா?” என்று அக்கா கேட்டாள். “நல்லா முத்துனதும் தொப்பியக் கழட்டி வச்சுருவாரு. நம்ம கங்காணிதான் எப்பவும் கழட்ட மாட்டேங்குறாரு.”

கொழுந்துப் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. பாசியைச் சமைத்துத் தின்னப் போகிறாயா என்று ஒருத்தி கேட்டாள். உங்கள் வீட்டு ரசத்தைவிட நன்றாகத்தான் இருக்கும் என்று இவள் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா, தலையணைக்குத் திணிக்கச் சேர்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். அம்மா, கல்யாண வயதில் வரும் கிறுக்கு என்றாள். அவள் சேர்ப்பது பாசி பற்றிய அறிவு என்று ஒருவருக்கும், எனக்கும், தோன்றவில்லை.

கிறித்து பிறப்பு நாளான நத்தாருக்குச் சில நாள் முன்பு அது நடந்தது. விண்ணப்பத் தாள்களை எழுதிக் கொடுப்பவர் தோட்டத்து எழுத்தரான கிளாக்கர். அவர் வேதக்காரர், ஆண்டுதோறும் வீட்டில் மாட்டுக்கொட்டில் அமைத்துக் குழந்தை இயேசுவைக் கிடத்துவார். கொட்டிலின் தரைக்குப் பச்சைப் பாசி வேண்டும் என்று அவர் மனைவி, கிளாக்கர் அம்மா, சொன்னது பெரியம்மாவின் செவியில் விழுந்தது. தாள் விரைவாக நகர ஒரு நல்லெண்ணம் காட்டுவோம் என்று பெரியம்மா கருதினாள். பாசிக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒரு பெட்டி நிறைய இருந்தது.

மாலையில் அக்கா மலையிலிருந்து திரும்பியபோது தகரப் பெட்டி திறந்திருந்தது. பெரியம்மா பாசி அனைத்தையும் ஒரு கூடையில் கொட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தீப்பெட்டிகளை மட்டும் கவனமாக அடுக்கி வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை ஆசையாக எழுதி வைத்த பெட்டியாயிற்றே என்று ஒன்றையும் கசக்காமல் வைத்ததாகப் பெருமையோடு சொன்னாள். ஒரே ஒரு தீப்பெட்டி தப்பியது. அது என் சட்டைப் பையில் இருந்தது. விளையாட எடுத்ததை நான் திருப்பி வைக்கவில்லை. அன்று அதைச் சொல்லும் துணிவும் வரவில்லை.

அக்கா அழவில்லை. மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்குச் சென்றாள். களிமண் மாடுகளின் காலடியில் அவளுடைய மேல்மலையும் பீலிக்கரையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. சற்று நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு கிளாக்கர் அம்மாவிடம், பாசிக்கு நாள்தோறும் தண்ணீர் தெளிக்காவிட்டால் பழுத்துவிடும், வந்து தெளிக்கட்டுமா என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பக்தி என்று அந்த அம்மா நெகிழ்ந்துபோனார். கொட்டிலைக் கலைக்கும் மூன்று அரசர் திருநாள் வரை நாள்தோறும் சென்றோம். அக்கா தண்ணீர் தெளித்தபடியே ஒவ்வொரு பாசியையும் அடையாளம் கண்டு, இது வடக்குப் பக்கத்தது, இது கல்லில் இருந்தது என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுப்பாள். பெட்டியில் எழுதியிருந்தது அவள் நினைவிலும் இருந்தது.

அப்படித் தெளித்துக்கொண்டிருந்த ஒருநாள், முன் விறாந்தையில் கிளாக்கர் பெரியப்பாவுக்கு விதிகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

“மகள்னு எழுதியாச்சுன்னா மகதான், பெரியவரே. பொறகு மருமகப்புள்ளன்னு கூட்டியாந்து என் முன்னால நிக்கக் கூடாது.”

கல்யாணம் ஆனால் என்ன ஆகும் என்று பெரியப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கல்யாணம் ஆன புள்ள புருசன் தாளுக்குப் போயிரும். ஒங்க தாளுல பேரு நிக்காது.”

தண்ணீர்க் குவளையோடு அக்கா கதவருகே வந்து நின்றாள். “படிக்கிற புள்ளயா இருந்தா, அங்க போய் தொடர்ந்து படிக்கலாமாங்க?”

கிளாக்கர் சிரித்தார். “மகளாப் போனா ஏன் படிக்கக் கூடாது? யாரு வேணாங்குறது?”

அக்கா திரும்பி வந்து எஞ்சிய தண்ணீரைத் தெளித்தாள். மாடுகளின் மேலெல்லாம் தெளித்துவிட்டாள். அன்று அதைக் கவனப்பிழை என்று கருதினேன்.

தை பிறந்ததும் பெரியப்பா எங்களுக்குப் பாடம் நடத்தினார். மாலைதோறும் எல்லாரும் அடுப்பைச் சுற்றி அமர்வோம். நான் அவளை அக்கா என்று அழைக்க வேண்டும். அவள் அம்மாவைச் சின்னம்மா என்றும், பெரியம்மாவை அம்மா என்றும் அழைக்க வேண்டும். எனக்குத்தான் நா புரளவில்லை. ஒவ்வொரு முறையும் மதினி என்று தொடங்கி அடிவாங்கினேன். அக்கா முதல் நாளே தெளிவாக, “அப்பா, விறகு இல்ல” என்றாள். பெரியப்பா எழுந்து விறகெடுக்க வெளியே சென்றார். நெடுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். குளிரில் கண் கலங்கிவிட்டது என்றார்.

அலுவலர் வரும் நாளன்று மழை. காலையிலேயே அம்மா அண்ணனைத் தொழிற்சாலைக்கு விரட்டிவிட்டாள். முற்பகலில் வரவேண்டியவர் பாதை சரிந்ததால் பிற்பகலில் வந்தார். நனைந்த காலணியை வாயிலில் கழற்றிவிட்டு, எங்கள் ஒரே விசுப்பலகையில் அமர்ந்தார். அவரை அழைத்து வந்த கங்காணியும் பக்கத்துக் காம்பராக்காரரும் வாயிலில் நின்றனர். தமிழ் பேசினார், நம் தமிழன்று, ஆனால் இனிமையாகப் பேசினார். பெரியப்பாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டார். பிறகு தாளிலிருந்து தலை நிமிர்த்தி, மூலையில் நின்ற என்னைப் பார்த்தார். அக்காவைச் சுட்டி, “இது யாரும்மா உனக்கு?” என்றார்.

ஒரு மாதப் பயிற்சி பறந்துவிட்டது. “மதி…” என்று தொடங்கி நிறுத்தினேன்.  பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்நேரம் பார்த்து, வேலை முடிந்த அண்ணன், தலைமுடியெல்லாம் தேயிலைத் தூளோடு வாயிலில் வந்து நின்றான். அலுவலர் இத்தனை தாமதமாக வருவார் என்று அவன் எப்படி அறிவான்?

அம்மா அவனை வெளியே போகும்படி கண்ணால் காட்டினாள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“சின்னப் புள்ளைங்க, பயந்துருச்சு. நான் அதுக்கு அக்காங்க. அது எங்க சித்தப்பா மக.” பிறகு வாயிலை நோக்கித் திரும்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: “அண்ணே, ஐயா நனஞ்சு வந்துருக்காங்க. தேத்தண்ணி ஊத்திக் கொண்டாங்க.”

அண்ணன் அசையவில்லை. அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.  பிறகு அண்ணன் உள்ளே வந்து, அடுப்பிலிருந்த கேத்தலை எடுத்து, இரண்டு குவளைகளில் தேநீர் ஊற்றினான். ஒன்றை அலுவலரிடம் கொடுத்தான். மற்றதை அக்காவிடம் நீட்டினான்.

“இந்தா தங்கச்சி,” என்றான்.

அலுவலர் எழுதிக்கொண்டார். ஊர்தி சென்ற பின், ஒரு வார்த்தைக்குச் சொன்னதுதானே என்று அம்மா மெல்லத் தொடங்கினாள். அப்பா தலையசைத்தார். “அலுவலரு மட்டுமா கேட்டாரு? கங்காணி நின்னாரு, பக்கத்துக் காம்பரா சனம் நின்னுச்சு. அவனும் தங்கச்சின்னுட்டான். இனி அத விட்டுரு.”

பயத்தில் அக்கா வாய் தவறி ‘அண்ணே’ என்றுவிட்டாள் என்று லயம் முழுவதும் இரக்கப்பட்டது. நானும் அப்படியே நம்பினேன். என் தடுமாற்றத்தால்தான் அது நேர்ந்தது என்று பல ஆண்டுகள் உள்ளூர வருந்தவும் செய்தேன். அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள், பேச மாட்டாள். இரண்டாண்டுக்குப் பின் பெரியப்பாவின் குடும்பம் புறப்பட்டது. கொட்டகலை நிலையத்தில் தொடர்வண்டி நகரும் வேளையில் அம்மா ஓடிச் சென்று, அத்தையின் பழைய கம்பளியைச் சாளரத்தின் வழியே அக்காவின் மடியில் போட்டாள். அப்போதும் பேசவில்லை. அக்காவின் பெட்டிக்குள் வெற்றுத் தீப்பெட்டிகள் குலுங்கும் ஓசை எனக்கு மட்டும் கேட்டதாக நினைவு. இத்தனை இரைச்சலில் அது கேட்டிருக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு அவள் வாழ்வை மடல்கள் வழியே அறிந்தேன். நீலகிரியில் மீண்டும் ஒரு தேயிலைத் தோட்டம். பெரியப்பாவும் பெரியம்மாவும் கூலி வேலை செய்ய, அவள் படித்தாள். கல்லூரியில் தாவரவியல். பிறகு உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பேணும் காப்பகம் ஒன்றில் பணி. அங்கிருந்தபடியே ஆய்வுப் பட்டம். வாழ்நாளெல்லாம் பாசிகளையே ஆராய்ந்தாள். பெரியப்பா இறந்தபோது, மகன் இருந்தால் மகன் செய்யும் கடனை அவளே செய்தாள். சுடுகாட்டில் யாரோ மறுத்தபோது, “எங்கப்பாவுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?” என்று கேட்டாளாம். அவளுடைய சான்றிதழ்கள் அனைத்திலும் பெயருக்கு முன் நிற்பது பெரியப்பா பெயரின் முதலெழுத்து.

முப்பதாண்டுக்குப் பின் பாசி சேகரிக்கவென்று அவள் நம் மலைக்கு வந்தாள். நரைத்த தலை, கழுத்தில் நூலில் தொங்கும் உண்மையான உருப்பெருக்கி. நாங்கள் இருவரும் மேல்மலையில் செடி செடியாகக் குனிந்து சென்றபோது, கவ்வாத்து வெட்டிய ஒருவர், நகை ஏதும் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். “ஆமாங்க, ரொம்ப நாளைக்கு முந்தி,” என்றாள் அக்கா. அவரும் நல்ல மனிதர். பத்து நிமிடம் எங்களோடு தேடினார்.

அன்று மாலை அவள் தன் சேகரிப்புப் பதிவேட்டைத் திறந்து எழுதியபோது அருகிருந்தேன். அந்தப் பழைய ஏட்டின் முதல் பக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. சேகரிப்போர் தாம் எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் வரிசை எண் இடுவர் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தாள். அவள் ஏடோ நூற்றெண்பத்தேழில் தொடங்கியது. அந்த எண்ணுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. நூற்றெண்பத்தெட்டிலிருந்து வரிசை ஓடி, ஆயிரங்களைக் கடந்திருந்தது.

“ஒன்னுலருந்துதான் எண்ணணும்னு என்ன இருக்கு?” என்றாள். “எங்கம்மா விட்ட எடத்துலருந்து எண்ணுனேன்.”

நான் எழுந்து சென்று, என் துணிப்பெட்டியின் அடியிலிருந்த தீப்பெட்டியைக் கொண்டுவந்தேன். முப்பதாண்டுக் குற்றத்தை ஒப்படைப்பவள்போல நீட்டினேன். பென்சில் எழுத்து இன்னும் தெரிந்தது: மேல்மலை, வடக்குப் பக்கம், மரம். உள்ளே பழுப்பாய்ச் சுருண்ட ஒரு சிட்டிகை. அக்கா அதைத் தட்டில் இட்டு நீர் தெளித்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து நிமிர்ந்தன. பச்சை முழுவதும் போகவில்லை. அவள் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, வெறுமையாய்க் கிடந்த நூற்றெண்பத்தேழுக்கு எதிரே அதன் பெயரை எழுதினாள்.

அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். நினைவு தெளிவாக இருந்தது. அக்காவைப் பக்கத்தில் அழைத்து, பேச்சை நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குபவள்போலக் கேட்டாள்.

“அன்னைக்கு வாய் தவறிச் சொன்னியா, வேணும்னு சொன்னியா?”

“வேணும்னுதான் சொன்னேன், அத்தே.”

மருமகள் முறையில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததை முப்பதாண்டுக்குப் பின் கேட்டேன். அம்மா சினக்கவில்லை. “அதானே. ஒங்கம்மா வயித்துப் புள்ளைக்கா வாய் தவறும்?” என்றாள். பிறகு முகம் மாறி, “நான் அவளுக்குக் குடுத்த வாக்கு என்னாச்சு?” என்றாள்.

அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “மகளக் கைவிட்டுராதன்னுதானே எங்கம்மா கேட்டுச்சு. நீங்க விடலயே.”

இவ்வளவும் உள்ளத்தில் இருக்க, ‘பிள்ளைகள் இல்லை’ என்ற இரு சொற்களை நான் எவ்வாறு ஏற்பேன்? அண்ணனின் பேத்தியிடம் பேசினேன். கணினியில் ஒருவருக்கு இரண்டு பெற்றோர் வரிசை காட்டலாம், வளர்த்தவருக்குப் புள்ளிக்கோடும் பெற்றவருக்கு நேர்கோடும் வரும் என்றாள். அப்படியே செய்யலாமா என்று நீலகிரிக்குத் தொலைபேசியில் கேட்டேன். பேச்சினிடையே, பாசிக்கு வேரில்லை, அதுபோலத்தான் நம் வாழ்வும் என்று ஏதோ அழகாகச் சொல்ல முற்பட்டேன். அக்கா குறுக்கிட்டாள்.

“பாசிக்கு வேரு தேவப்படல, அதனால இல்ல. அத வச்சு நீ கவிதை கட்டாத.” பிறகு தொடர்ந்தாள்: “கலியாணம் ஆகலன்னு போட்டது சரிதான், இருக்கட்டும். தாவரவியல்னு மொட்டையா போடாம பாசின்னு போடச் சொல்லு. அப்பாவுக்குக் கீழருந்து என்னய எடுக்காத. ஆனா எங்கம்மாவுக்குப் புள்ளை இல்லன்னு எழுதியிருக்கே, அத மொதல்ல அழி. புள்ளி வச்ச கோடு ரெண்டு பேருக்கும் வேணாம்.”

கணினியால் அது இயலாது என்று அண்ணனின் பேத்தி சொல்லிவிட்டாள். ஆகவே படத்தைத் தாளில் அச்சிட்டு, அளவுகோலும் கறுப்பு மையும் கொண்டு நானே வரைந்தேன்.

என் வயதினரே, நினைவு எனக்கும் தேய்கிறது. கவ்வாத்து நடந்தது மேல்மலைதானா, அதையடுத்த சரிவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கிளாக்கர் வீட்டுக் கொட்டிலில் மாடுகள் இரண்டா மூன்றா என்பதிலும் உறுதியில்லை. அலுவலர் வந்தபோது வாயிலில் நின்றது எந்தக் கங்காணி என்பதை நான் மறந்துவிட்டேன். உங்களுள் எவரேனும் சரியாக அறிந்திருந்தால் எழுதுங்கள், நன்றியோடு திருத்திக்கொள்வேன். பெரியப்பாவின் பெயருக்குக் கீழிருந்து ஒரு நேர்கோடும், அத்தையின் பெயருக்குக் கீழிருந்து ஒரு நேர்கோடும் புறப்பட்டு ஒரே பெண்ணின் பெயரில் சேர்கின்றன. அவற்றைப் பிழையென்று எவரும் எழுத வேண்டாம்.